அசைலம்

12

அன்று காலை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்ட கேள்விக்குத் தேவநாதனால் பதில் சொல்ல முடியவில்லை.

"சார், தலாய் லாமாவுக்கு நம்ம சர்க்கார் அசைலம் குடுத்திருக்குன்னு இங்கிலீஷ் பேப்பர்ல போட்டிருக்குது. அவருக்குப் பைத்தியமா சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேவநாதன் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். பையன் குறும்புக்குக் கேட்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. திண்டிவனத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பஸ் ஸ்டாண்டில் தனக்குத் தானே பேசிக்கொண்டு திரிகிறவனை 'அசைலம் கேஸ்' என்பார்கள். தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால் 'உன்னை அசைலத்துல தள்ள' என்று திட்டிக்கொள்ளும்.

"உக்காரு. இன்னொரு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

இங்கிலீஷ் வாத்தியார் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்திருப்பார். அன்றைக்கு முடியவில்லை. மத்தியானம் விழுப்புரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணை. அவருடைய தங்கை அம்சவள்ளியைச் சென்னை அசைலத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று.

அம்சவள்ளியின் கதைக்குப் பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

விழுப்புரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ரைஸ் மில் வைத்திருந்த தாண்டவராயனுக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டன. மூன்றாவது பொன்னி. அவள் தங்கினாள். அவித்த நெல் காயும் களத்தில் ஓடி விளையாடும் அளவுக்கு வளர்ந்தாள். போன ஆடியில் தொண்டை அடைப்பான் வந்து அவளும் போனாள்.

அதன் பிறகு அம்சவள்ளி சாப்பாட்டு வேளையில் பொன்னிக்கும் ஓர் இலை போட்டாள். உச்சி வெயிலில் களத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். ஒருநாள் தலைவிரி கோலமாக ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டாள். அன்றிலிருந்து மாமியார் லட்சுமியம்மாள் அவளை மில்லின் பின்பக்கத்து உமிக் கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறாள் என்று கேள்வி. மகனுக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் வேறு பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள்.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. கட்டியவள் இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்ட முடியாது. மனைவிக்குத் தீராத சித்தப்பிரமை, அதுவும் மூன்று வருஷம் தொடர்ந்து இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த மூன்று வருஷத்துக்குச் சாட்சி வேண்டும்; அசைலத்தில் சேர்த்துவிட்டால் அந்தக் காகிதமே சாட்சி. அதற்குத்தான் இந்த மனு.

தேவநாதன் அன்று விடிந்ததும் மனைவி காந்திமதியிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"அவளை நாமளே கூட்டிக்கினு வந்துட்டா என்னா?"

காந்திமதி அடுப்பைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"மூணு பொண்ணுங்க இருக்குது நம்ம வீட்ல. மூத்தவளைப் பாக்க ஞாயித்துக்கெழமை வர்றாங்க. நடுவீட்ல உங்க தங்கச்சி செத்த குழந்தைக்கு இலை போட்டுக்கினு உக்காந்திருந்தா, வந்தவங்க காப்பியாவது குடிப்பாங்களா?"

"அதுக்காக…"

"நான் பாவின்னே வெச்சிக்குங்க. என்னால ஆவாது."

அவள் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

முதல் மணி முடிந்ததும் ஆசிரியர்கள் அறைக்குப் போனார். அங்கே சவுரிராயன் மட்டும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரித்திரம் நடத்துகிறவர். கத்தோலிக்கச் சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பி, நாலைந்து வருஷம் லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு, மனம் மாறி வந்து கல்யாணம் செய்துகொண்டவர். இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன தேவநாதா, லீவ் சொல்லிட்டியா? பஸ்ஸு எப்போ?"

"இன்னும் நேரம் இருக்குது." தேவநாதன் பேப்பரை எட்டிப் பார்த்தார். "இந்த அசைலம் சமாச்சாரத்தைத்தான் ஒரு பையன் கேட்டான். எனக்கு வாயே வரல."

"இங்கிலீஷ் நடத்துறவனுக்கா வரல?" சவுரிராயன் இரண்டு தமிழ்ப் பேப்பர்களை அவர் பக்கம் நகர்த்தினார். "பாரு. ஒருத்தன் 'தஞ்சம்'னு போட்டிருக்கான். ஒருத்தன் 'அடைக்கலம்'னு போட்டிருக்கான். ரெண்டும் சரிதான். கிரேக்கத்துலேர்ந்து வந்த சொல்லு அது. அவங்க பாஷையில 'சூலே'ன்னா ஒருத்தன்கிட்டேர்ந்து பறிச்சிக்கினு போறது. முன்னால ஒரு 'அ' போட்டா, பறிக்கக் கூடாதுன்னு ஆயிடும். நம்ம அநியாயத்துல வர்ற 'அ' மாதிரி."

"அபயத்துல வர்ற 'அ'ன்னு சொல்லேன்."

"அதுதான் இன்னும் பொருத்தம். அவங்க கோயில்ல போயி ஒருத்தன் விக்கிரகத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான்னா, ராஜாவே வந்தாலும் அவனை இழுத்துக்கினு போக முடியாது. அந்த எடத்துக்குத்தான் அந்தப் பேரு. அப்புறம் எங்க சர்ச்சுங்க அதை எடுத்துக்கிச்சு. கொலைகாரனே ஓடி வந்தாலும் உள்ள வந்துட்டா தொடக்கூடாது."

"இது எப்படிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆச்சு?"

"நல்ல எண்ணத்துலதான் ஆச்சு." சவுரிராயன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போக்கிடம் இல்லாதவங்களுக்கெல்லாம் வீடு கட்டினான் வெள்ளைக்காரன். குருடங்களுக்கு, அநாதைங்களுக்கு. மதராஸ்ல அநாதைப் பசங்க விடுதிக்கே அசைலம்னுதான் பேரு. அப்படியே சித்தம் கலங்கினவங்களுக்கும் கட்டினான். மத்ததெல்லாம் காலப்போக்குல போயிடுச்சு, இது ஒண்ணு நின்னுக்கிச்சு. உள்ள இருக்கிறவனை யாரும் இழுத்துக்கினு போகக் கூடாதுன்னு இருந்த சொல்லு, உள்ள போனவன் வெளிய வரக் கூடாதுன்னு ஆயிடுச்சு. பேர்ப்பலகையில 'மென்டல் ஆஸ்பத்திரி'ன்னு மாத்தி ரொம்ப காலம் ஆவுது. சனங்க வாயிலயும் சர்க்கார் காகிதத்துலயும் இன்னும் பழசுதான் ஓடுது."

தேவநாதன் பத்து வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லின் எழுத்துகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவந்தவர். அதற்குள் இவ்வளவு இருக்கிறதென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தங்கச்சியை அனுப்ப விட்டுறாத" என்றார் சவுரிராயன். "நீ போயி ஒரு வார்த்தை சொன்னா மாஜிஸ்திரேட் கேப்பாரு."

"அதுக்குத்தான் போறேன்" என்றார் தேவநாதன். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் போனார்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை பஸ்ஸில் அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் இங்கிலீஷில் கட்டிக்கொண்டே வந்தார். அழகாகத்தான் வந்தது.

மில்லுக்குள் நுழைந்தபோது களத்தில் ஆவி பறக்க நெல் கொட்டிக் கிடந்தது. பெண்கள் வரிசையாகக் காலால் துழாவிக்கொண்டு நடந்தார்கள். தாண்டவராயன் எதிரே வந்தான்.

"வாங்க மச்சான். சாப்பிட்டீங்களா?"

"அம்சா எங்க?"

தாண்டவராயன் அம்மாவின் பக்கம் பார்த்தான். லட்சுமியம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மில் மேஸ்திரி மாசிலாமணியிடம் நீட்டினாள்.

கொட்டகைக் கதவு திறந்தவுடன் உமித்தூசி புகை மாதிரி வெளியே வந்தது. அதற்குப் பின்னால் அம்சவள்ளி வந்தாள். வெளிச்சம் பட்டதும் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டாள். புருவத்திலும் தலைமயிரிலும் உமி ஒட்டியிருந்தது. கையை எடுத்து அண்ணனைப் பார்த்தவுடன் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வாண்ணா. அண்ணி நல்லாருக்குதா? பசங்க படிக்குதுங்களா?"

பித்தம் தலைக்கேறியவள் பேசுகிற பேச்சா இது என்று தேவநாதன் நினைத்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லாருக்குதும்மா. நீ எப்படி இருக்குற?"

"உள்ள எலி இருக்குதுண்ணா. தூங்கினா வெரலைக் கடிக்குது." அவள் காலை நீட்டிக் காட்டினாள். பெருவிரல் வீங்கியிருந்தது.

தேவநாதன் தாண்டவராயன் பக்கம் திரும்பினார்.

"மனுஷியை அடைச்சு வெக்கிற எடமா மாப்ளே இது?"

"கேட்டு வரைக்கும் போயிட்டா மச்சான். பாசஞ்சர் வர்ற நேரம். கேட்கீப்பர் கையைப் பிடிச்சி இழுத்திருக்கலைன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பூட்டாம நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க." அவன் குரல் உடைந்தது. "எனக்கும்தான் அது பொண்ணு. நான் யாருக்கு இலை போடறது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தேவநாதனை வதைத்தது.

கோர்ட்டில் இவர்கள் முறை வருவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. மாஜிஸ்திரேட் நடுத்தர வயதுக்காரர். அன்றைக்கு நிறையக் கேஸ் பார்த்துக் களைத்திருந்தார். ஆனாலும் இரண்டு டாக்டர்கள் கொடுத்த சர்டிபிகேட்டை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அம்சவள்ளியைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"உன் பேர் என்னம்மா?"

சொன்னாள். ஊரைச் சொன்னாள். கிழமையைச் சரியாகச் சொன்னாள்.

"பொன்னிங்கிறது யாரு?"

"எம் பொண்ணுங்க. செத்துப்போச்சு. பொதைச்ச எடம் தெரியும்."

"செத்துப்போச்சுன்னு தெரியுதே, அப்புறம் ஏன் சாப்பாட்டுக்கு இலை போடுற?"

"போடலைன்னா, அது பொறக்கவே இல்லைன்னு ஆயிடுதுங்க. எங்க வூட்ல யாரும் அது பேரைச் சொல்றதில்ல."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரயில் கேட்டுக்கு எதுக்குப் போன?"

"ஞாபகம் இல்லீங்க."

"சாகப் போனியா?"

"இருக்கலாம்ங்க" என்றாள் அவள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதைப் போல.

மாஜிஸ்திரேட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தாண்டவராயனின் வக்கீல் எழுந்தார். அவரைக் கையமர்த்திவிட்டுத் தேவநாதனைக் கூப்பிட்டார்.

"நீங்க கூடப்பிறந்த அண்ணன். ஸ்கூல் மாஸ்டர். இந்தம்மாவுக்கு வைத்தியத்தைவிட ஆதரவுதான் வேணும்னு எனக்குத் தோணுது. ஆனா தனியா விட்டா உயிருக்கு ஆபத்து, அதுவும் தெரியுது. புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு இல்ல. நீங்க கூட்டிக்கிட்டுப் போய் வெச்சுப் பாத்துக்கிறேன்னு எழுதிக் குடுங்க. இந்த மனுவை இப்பவே தள்ளிடறேன்."

பஸ்ஸில் வரும்போது தேவநாதன் கட்டிவைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்களில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. தங்கை பைத்தியம் இல்லை என்று வாதாடத்தான் அவர் வந்திருந்தார். அதை மாஜிஸ்திரேட்டே ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது கேட்பது வேறு. ஒற்றை வார்த்தை போதும். 'சரிங்க' என்றால் முடிந்தது.

மூத்தவள் நீல ரவிக்கை தைக்கக் கொடுத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பனமலையிலிருந்து வரப்போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசிய காந்திமதியின் முதுகு நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு இவள் தண்டவாளத்தைப் பார்த்துப் போனால் யார் பின்னால் ஓடுவது? பகலெல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில். திண்டிவனத்திலும் ரயில் ஓடத்தான் செய்கிறது.

"வீட்ல கலந்துக்கிட்டு ஒரு வாரத்துல சொல்றேன், சார்."

"இன்னிக்கு எங்க விடறது இவங்களை?"

தேவநாதன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட் காத்திருந்தார். நியாயமாகத்தான் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனாவை எடுத்தார்.

எழுதி முடித்ததைக் குமாஸ்தா உரக்கப் படித்தார். எல்லாம் இங்கிலீஷ். அம்சவள்ளிக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. அவள் அண்ணன் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டாள்.

"அசைலம்னு படிக்கிறாரேண்ணா. மில்லுல அத்தை என்னைத் திட்டும்போது சொல்ற சொல்லு. அதுக்கு இன்னாண்ணா அர்த்தம்?"

காலையில் சவுரிராயன் கொடுத்த சொல் தேவநாதனின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை எடுத்துப் போட்டார்.

"அடைக்கலம்மா."

"அடைக்கலமா?"

"ஆமாம்மா. உள்ள போயிட்டா யாரும் வந்து உன்னை இழுத்துக்கினு வர முடியாது. பூட்டி வெக்க முடியாது. அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்."

வீங்கிய கால்விரலிலிருந்து பாரத்தை மாற்றி நின்றுகொண்டு அவள் அண்ணனின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசில் ஆற்றைக் கடக்கும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஆழமில்லையே?' என்று கேட்டுவிட்டு இறங்குவாள். அதே பார்வை.

"அப்ப நான் போறேன்ங்க" என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாள்.

மாஜிஸ்திரேட் தேவநாதனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். எதுவும் சொல்லாமல் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தான். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை. தேவநாதன் பக்கத்தில் போனபோது மெதுவாகச் சொன்னான்:

"நீங்க கூட்டிக்கினு போயிடுவீங்கன்னு நெனச்சேன் மச்சான். அம்மாகிட்டகூட அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்."

அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறான். இதைவிட அவன் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சாயங்கால வண்டியில் அம்சவள்ளியைச் சென்னைக்கு ஏற்றினார்கள். துணைக்கு மாசிலாமணியும் ஒரு கான்ஸ்டேபிளும். தேவநாதனும் ஏறிக்கொண்டார். சென்னை வரைக்கும் போகத்தான் நினைத்தார். ஆனால் டிக்கெட் கவுண்டரில் அவர் வாய் திண்டிவனம் என்றுதான் சொன்னது.

அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கரும்புத் தோட்டங்களும் மல்லாட்டைக் காடுகளும் பின்னால் ஓடின. பல மாசத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரே நேரத்தில் இவ்வளவு ஆகாயம் கிடைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகிற பெண் என்றுதான் நினைப்பார்கள்.

"அந்தச் சொல்லு நல்லாருக்குதுண்ணா" என்றாள் திடீரென்று. "இத்தனை நாளா வசவுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதைக் கேட்டாலே உடம்பு நடுங்கும். வெள்ளைக்காரன் சொல்லா அது?"

"அவங்களுக்கும் முன்னால. கிரேக்கம்னு ஒரு தேசம். அந்த ஊர்க் கோயில்ல போயி சாமியைப் பிடிச்சிக்கிட்டா, ராஜாவாலகூடத் தொட முடியாதாம்."

"தப்பு பண்ணவங்களைக் கூடவா?"

"தப்பு பண்ணவங்களைக் கூடத்தான்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியலைண்ணா. பண்ணியிருப்பேன்." அவள் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "அது எப்போ இருந்தது, அந்தக் கோயிலு?"

"ரொம்ப காலத்துக்கு முந்தி."

"இப்போ?"

தேவநாதன் எதிர் பெஞ்சியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த கான்ஸ்டேபிளைப் பார்த்தார். கதவருகில் பீடி குடித்துக்கொண்டு நின்ற மாசிலாமணியைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லாதது அவளுக்குப் புரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு அண்ணனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனம் வரும் வரை விடவில்லை.

வண்டி மெதுவாகும்போதே பிளாட்பாரத்தில் காந்திமதி நிற்பதைத் தேவநாதன் பார்த்துவிட்டார். கையில் ஒரு தூக்கு. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அவர் இறங்கினார். காந்திமதி அவரிடம் நிற்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"சவுரிராயன் சார் வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. ஆர்டர் ஆச்சுன்னா இந்த வண்டியிலதான் வரும்னு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு தூக்கை உள்ளே நீட்டினாள். "புளிச்சோறு அம்சா. கெட்டுப்போவாது. வெச்சி சாப்பிடு."

அம்சவள்ளி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க. அண்ணன் எல்லாம் சொன்னாரு. அசைலம்னா அடைக்கலமாம். யாரும் என்னைப் பூட்ட மாட்டாங்களாம்."

காந்திமதி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சொல்லின் வயசும் வரலாறும் தெரியாது. ஆனால் திண்டிவனத்துப் பெண்பிள்ளை. அந்தக் கட்டடத்துக்குள் போனவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று ஊர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்சவள்ளியைச் சுற்றி ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொம்பளைங்க யாரும் கூட வரலியா?"

மாசிலாமணி பீடியைக் கீழே போட்டான். "பெரியம்மா வர மாட்டேன்னுட்டாங்கம்மா. வேற யாரும் இல்ல."

"ராத்திரி நேரத்துல ரெண்டு ஆம்பளைங்களோட போவுதா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும்தாம்மா. நான் பாத்துக்கிறேன்."

கார்டு விசில் ஊதினான். தேவநாதன் ஜன்னலுக்குள் கைவிட்டுத் தங்கையின் தலையைத் தொட்டார். விரலில் ஒரு உமி ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் காந்திமதி இல்லை. பெட்டியின் படியில் ஏறி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏய், எங்க போற?"

"சின்னதுங்க ரெண்டுக்கும் நாளைக்குப் பரிச்சை. காலைல எழுப்பி விடுங்க. அடுப்புல பால் இருக்குது."

வண்டி நகர்ந்தது. தேவநாதன் கூடவே நடந்தார், பிறகு ஓடினார்.

"டிக்கெட் இல்லாம எப்படிப் போவ? அங்க போயி இன்னா பண்ணுவ? எறங்கு காந்திமதி. ஞாயித்துக்கெழமை அவங்க வர்றாங்க."

"கோர்ட்டுல உங்களை இன்னா கேட்டாங்க?" என்றாள் அவள்.

அதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. இருந்தாலும் அவள் கேட்டாள்.

"கூட்டிக்கினு போறியான்னு கேட்டாங்களா?"

அவர் ஓடிக்கொண்டே ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

காந்திமதியின் முகத்தில் கோபம் இல்லை. காலையில் அடுப்பைப் பார்த்துப் பேசியவள் இப்போது நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் வேணாம்னேன். அதனாலதான் நீங்க சொல்லலை. அது எனக்குத் தெரியும்." இரைச்சலில் அவள் குரலைக் கூட்டிச் சொன்னாள். "திரும்பி வர்றப்போ ஒத்தையா வருவனா, ரெண்டு பேரா வருவனான்னு எனக்கே தெரியலைங்க. வூட்டைப் பாத்துக்குங்க."

பிளாட்பாரம் முடிந்துவிட்டது. தேவநாதன் சரளைக் கல்லில் கால் தடுக்கி நின்றார். கடைசிப் பெட்டி அவரைத் தாண்டிப் போயிற்று. வீட்டில் மூத்தவள் அம்மாவைக் கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தபடி, அவர் இருட்டுவதற்கு முன்பாக நடக்கத் தொடங்கினார்.